சோறில்லாத பார்சல்

மாலை ஆறரை மணிவாக்கில் குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், கையில் தூக்குப்போசியோடு ஒரு ஆள் நிற்பதை நீங்கள் பார்த்திருந்தால், அது நான்தான். மலையில் பிளாஸ்டிக் கவர் கூடாது. குழம்போ வறுவலோ பார்சல் வேண்டுமானால் பாத்திரம் கொண்டுபோக வேண்டும். போசியை ஆபீஸ் மேசைக்கு அடியில் வைத்திருப்பேன். சாயங்காலம் அதை எடுக்கக் குனியும்போதே அலுப்பு வந்துவிடும். இன்றைக்கும் முட்டையா, இன்றைக்கும் கோஸா என்று. வயிற்றில் பசி இருக்கும், வாயில் ஆசை இருக்காது. அப்படி ஒரு சாப்பாட்டை ஒன்றரை வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தேயிலை வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. மனைவிக்கு வீசிங், மலைக்குளிர் சுத்தமாக ஆகாது. மகளுக்கும் கோயமுத்தூரில்தான் வேலை. அதனால் அவர்கள் இருவரும் கீழே, நான் மட்டும் மேலே. சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து இறங்குவேன், திங்கட்கிழமை விடியலில் ஏறுவேன். குன்னூரில் ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறை. அடுப்பு வைக்கக் கூடாது என்று வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். வெந்நீர் போட ஒரு கெட்டில் உண்டு. மற்றதெல்லாம் பார்சல்தான்.

முன்பெல்லாம் அந்தப் பார்சலில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. சந்துக்குள் இருக்கும் மெஸ்ஸில் நாலு இட்லி, இல்லையென்றால் ரெண்டு பரோட்டா சால்னா, மழை பெய்தால் ஒரு கொத்து பரோட்டா. வாழையிலையில் கட்டி, மேலே பேப்பர் சுற்றித் தருவார்கள். சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தால் அறை வரைக்கும் வயிறு சூடாக இருக்கும். அறைக்குப் போய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பொட்டலத்தைப் பிரிப்பேன். என் நாளில் அந்த ஒரு நேரம்தான் எனக்கென்று இருந்தது.

அதற்கும் வந்தது வினை. பார்வை மங்கலாக இருக்கிறதே, கண்ணாடியை மாற்றலாம் என்று போன இடத்தில், கண் டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு ரத்தத்தைச் சோதித்துக்கொண்டு வரச் சொன்னார். சுகர். அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. சுகர் டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, “ராத்திரி சோறு, இட்லி, பரோட்டா எதுவும் கூடாது. காய் சாப்பிடுங்க, முட்டை சாப்பிடுங்க, கறி சாப்பிடுங்க. கண்ணு தப்பிக்கணும்னா மாவுச்சத்தைக் குறைச்சே ஆகணும். அப்பவும் குறையலைன்னா ஊசிதான்” என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முதலில் கதவைச் சாத்தினாள். மகள் குளித்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, இத ஒருத்தருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. புள்ளைக்கு எடம் பாத்துட்டு இருக்கறோம்.”

“சுகருதானே? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?”

“நீங்க ஒண்ணும் பண்ல. பொண்ணெடுக்க வர்றவங்க அப்பனுக்கு என்ன நோவு, ஆத்தாளுக்கு என்ன நோவுன்னுதான மொதல்ல கேக்கறாங்க. அப்பனுக்கு இருந்தா புள்ளைக்கும் வரும், அவ பெத்துப் போடறதுக்கும் வரும்னு ஒரே பேச்சாப் பேசி உட்டுட்டுப் போயிருவாங்க. எங்க பெரியப்பன் ஊட்டுல என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல?”

பார்த்திருந்தேன். பெரியப்பா வீட்டுப் பெண்ணுக்கு மூன்று இடம் அப்படித்தான் தட்டிப்போனது. மகளிடமும் சொல்லவில்லை. அவளுக்குப் பொய் வராது. யாராவது கேட்டால் முகத்திலேயே எழுதி ஒட்டிவிடுவாள். கண்ணாலம் முடிகிற வரைக்கும் எனக்கு வந்த நோய் எங்கள் இருவருக்குள் மட்டும் இருக்கட்டும் என்று மனைவி சொன்னாள். சரி என்றேன். சனி, ஞாயிறு ராத்திரி மகள் கண்ணுக்குப் பேருக்கு ஒரு இட்லி தின்றுவிட்டு எழுந்துவிடுவது என்று ஏற்பாடு.

திங்கட்கிழமை சாயங்காலம் மெஸ்ஸில் போய் நின்றேன். மெஸ்காரர் என் வயதுக்காரர், அன்னூர்ப் பக்கம். கல்லா, கரண்டி, பேச்சு மூன்றையும் ஒரே ஆளாகப் பார்ப்பார்.

“பரோட்டா எத்தனைங் சார்?”

“பரோட்டா வேண்டாம்.”

“இட்லி கட்டட்டுங்களா?”

“வேண்டாம்.”

“சப்பாத்தி போட்டுத் தர்றனுங், சூடா.”

“அதுவும் வேண்டாம்.”

“பின்ன?”

“ரெண்டு அவிச்ச முட்டை. ஒரு பெப்பர் சிக்கன். மத்தியானப் பொரியல் இருந்தா அது. கொஞ்சம் வெங்காயமும் வெள்ளரிக்காயும் நறுக்கிக் கொடுங்க.”

அவர் கரண்டியைப் பிடித்தபடி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். “செரிங் சார். எனக்குப் புரியுதுங்” என்றார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. இந்தக் காலத்தில் எத்தனையோ பேர் டயட் இருக்கிறார்கள், மனிதர் பார்த்திருப்பார், விளக்கம் கேட்டு உயிரை வாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு சோடா வாங்கினேன். வெறும் முட்டையும் கறியும் தின்றால் வயிறு கல்லாகிவிடுகிறது, இனிப்பில்லாமல் குடிக்க அந்தச் சோடா ஒன்றுதான் இருக்கிறது. ஒரு கையில் போசி, இன்னொரு கையில் சோடா பாட்டிலோடு மேடேறி அறைக்குப் போனேன். அன்றிலிருந்து தினமும் அதேதான்.

எப்படித்தான் சோறில்லாமல் இருக்கிறார்களோ தெரியாது. எனக்கு முதல் மாதம் உயிர் போய் உயிர் வந்தது. பெப்பர் சிக்கனின் மசாலாவை விரலால் வழித்துத் தின்னும்போதெல்லாம் இதற்கு ஒரு பிடி சோறு இருந்தால் என்று கை தன்னால் நிற்கும். கோஸ் பொரியலை மட்டும் கிண்ணம் கிண்ணமாகத் தின்கிறவனை ஆடு என்று சொன்னால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஏழு மணிக்குச் சாப்பிட்டு முடித்தால் எட்டு மணிக்கு வயிறு நிரம்பியிருக்கும், ஆனால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. போர்த்திக்கொண்டு படுத்தால் ரசச்சோறு ஞாபகம் வரும். பிரியாணி, விருந்து எதுவும் இல்லை, வெறும் ரசச்சோறு. எரிச்சல் எரிச்சலாக வரும்.

மெஸ்காரர் மட்டும் என்மேல் பிரியமாகிக்கொண்டே போனார். கேட்காமலே எலுமிச்சம்பழத் துண்டு வைத்தார். ஊறுகாய் வைத்தார். வறுத்த நிலக்கடலையில் வெங்காயம் பச்சைமிளகாய் போட்டுப் பிசறி ஒரு சின்னப் பொட்டலம் கட்டி, “இது நம்ம கணக்குல இருக்கட்டுங் சார்” என்பார். கூட்டம் இருந்தாலும் என்னை நிறுத்திவைக்க மாட்டார். “சாருக்கு மொதல்ல கட்டி உடு, அவருக்கு நேரமாச்சு” என்று உள்ளே குரல் கொடுப்பார். எனக்கு என்ன நேரமாச்சு? நான் போய் டிவி பார்க்கப்போகிறவன். ஆனாலும் இந்தக் குளிரில், தெரியாத ஊரில், நம்மை ஒருவர் கவனித்துக்கொள்கிறாரே என்று மனசு நிறைந்துபோகும்.

காந்தி ஜெயந்திக்கு முந்தின நாள் சாயங்காலம் குரலைத் தாழ்த்திக் கேட்டார், “நாளைக்குக் கடை லீவாச்சுங்களே சார், எல்லாம் வாங்கி வச்சிட்டீங்கல்ல?”

மெஸ் லீவாக்கும் என்று நினைத்து, “இன்னும் இல்லையே, ரெண்டு முட்டை எச்சாக் கட்டிக் கொடுங்க” என்றேன்.

கல்லாவைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமல் நானும் சிரித்துவைத்தேன்.

அதே மாதம்தான் ஒரு ஆள் சாக்குப்பையோடு வந்து என் அறைக் கதவைத் தட்டினார். “காலி பாட்டில் இருக்குங்களா சார்?” எங்கள் மலையில் சாராயக் காலி பாட்டிலைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் காசு தருவார்கள். உடைத்துக் காட்டுக்குள் வீசினால் யானை காலில் குத்துகிறது என்று வந்த ஏற்பாடு. அதைப் பொறுக்கிக் கொடுத்துப் பிழைக்கிறவர்கள் உண்டு. இல்லையப்பா என்றேன். “பரவால்லீங், பொறவு வர்றேன்” என்று போனார். வாராவாரம் வந்தார். வீட்டுக்கார அம்மா படிக்கட்டில் என்னைக் கண்டால் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றார். கார்த்திகைக்குப் பொரி உருண்டை கொடுத்தனுப்புகிறவர், அந்த வருடம் அனுப்பவில்லை. எனக்கு அதுவும் நல்லதாகவே பட்டது. வெல்லப்பாகு பிடித்த உருண்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இதற்கு நடுவில் சுகர் இறங்கியது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, பிடிவாதக்காரர்தான் நீங்க” என்றார். கண்ணுக்குள் இருந்த ரத்தக் கசிவும் நின்றிருந்தது. கன்னம் ஒட்டி, பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என் முகம் பாவமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் மகளுக்கு ஒரு இடம் வந்தது. சூலூர்ப் பக்கம் குடும்பம், பையன் மோட்டார் பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். கொண்டுவந்தது என் மச்சான், மனைவியின் அண்ணன். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு பையனும் மகளும் போனில் பேச ஆரம்பித்தார்கள். அதுவரை எந்த இடத்தைச் சொன்னாலும் “உங்க இஷ்டம்ப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது சமையலறையில் பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். சாமி, இது மட்டும் நல்லபடியாக அமையட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஜாதகம் பொருந்தியது. நகை, மண்டபம் எல்லாம் பேசியாயிற்று. உறுதி சொல்ல ஒரு நாள் குறிக்கிறோம் என்று போனவர்கள் அப்படியே பேச்சில்லாமல் ஆகிவிட்டார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம். பையனும் போனை எடுப்பதைக் குறைத்துவிட்டானாம். மகள் வேலைவிட்டு வந்து நேராகத் தன் அறைக்குள் போய்விடுகிறாள் என்று மனைவி போனில் சொன்னாள். ஒரு புதன்கிழமை நான் போசியோடு ஆபீஸை விட்டு இறங்கிக் கடைவீதிக்கு வரும்போது அவளிடமிருந்து மறுபடி போன்.

“ஏனுங்க, நெசத்தச் சொல்லுங்க. அங்க நீங்க தண்ணி போடறீங்களா?”

“என்ன போடறேன்?”

“குடிக்கறீங்களான்னு கேக்கறேன்! பையனோட சித்தப்பன் அங்க வந்து விசாரிச்சிருக்காரு. தெனமும் குடிக்கற ஆளுன்னு கடைவீதியே சொல்லுதாமா. அண்ணன் இப்பத்தான் சொல்லீட்டுப் போறான். எனக்கு மானமே போச்சு.”

நான் கடைவீதியில் அப்படியே நின்றுவிட்டேன். கையில் போசி. என்ன நடந்தது என்று புரிய எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. அவித்த முட்டை, பெப்பர் சிக்கன், வெங்காயம், ஊறுகாய், கடலை, எலுமிச்சை, சோடா. குடிக்கிறவன் வாங்குவது அத்தனையும் நான் ஒன்று விடாமல் வாங்கியிருக்கிறேன். குடியைத் தவிர. தமிழ்நாட்டில் ஒரு ஆம்பளை தினமும் சாயங்காலம் சோறில்லாமல் வெறும் கறியும் முட்டையும் பார்சல் வாங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அது எனக்குத் தோன்றாமல் போனதே! காலி பாட்டில்காரர் முகம், வீட்டுக்கார அம்மா சுவரோடு ஒதுங்கியது, கல்லாவைத் தட்டிச் சிரித்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

நேராக மெஸ்ஸுக்குப் போனேன். 

“என்னைப் பத்தி விசாரிக்க யாராவது வந்தாங்களா?”

“வந்தாருங் சார்!” என்றார் மெஸ்காரர், முகமெல்லாம் வெளிச்சமாக. “உங்ககிட்டச் சொல்லோணும்னே இருந்தன். பொண்ணு கண்ணால விசயம்னு சொன்னாருங். வெள்ள வேட்டி, டூரிஸ்ட் மாதிரி வந்து பரோட்டாத் தின்னுபோட்டு மெதுவா ஆரம்பிச்சாரு. நா உங்கள உட்டுக்குடுப்பனுங்களா? தங்கமான மனுசனுங்கன்னு சொன்னன். ஆபீஸ் உட்டு வருவாரு, சைடு டிஷ்ஷ வாங்குவாரு, சோடாவ வாங்குவாரு, தலையக் குனிஞ்சிட்டு ரூமுக்குப் போயிருவாரு. ஒரு சண்ட இல்ல, ஒரு சத்தமில்ல, ரோட்டுல உழுந்து ஒரு நாள் பாத்ததில்ல. குடிச்சா இவரு மாதிரிக் குடிக்கோணும்ங்கன்னு சொன்னனுங் சார்!”

“யாருய்யா உன்கிட்ட நான் குடிக்கிறேன்னு சொன்னது?” என்று கத்திவிட்டேன். பரோட்டா தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. “இல்லீங்களா? பின்ன... சோறு, டிபன் எதுவுமே வாங்க மாட்டீங்களே சார்? அது எதுக்குங்?”

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சுகர் என்று ஒரு வார்த்தை. ஆனால் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் வந்து நிற்கிற கல்லா அது. இவரிடம் சொன்னால் நாளைக்குச் சூலூருக்குப் போய்விடும். அந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. போசியை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, முட்டை வைத்து, சிக்கன் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பசிக்கிறதே, என்ன செய்ய?

சனிக்கிழமை வீட்டில் மகள் இல்லாத நேரம் பார்த்து நானும் மனைவியும் சமையலறையில் உட்கார்ந்தோம். “நெசமாலுமே இல்லதானுங்க?” என்று அவள் இன்னொரு தரம் கேட்டாள். கூடவே வாழ்ந்தவள். அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

“டாக்டர் சீட்டை எடுத்துட்டுப் போய் அவங்க முன்னாடி வெச்சுடறேன். எனக்குச் சுகர், அதனாலதான் சோறு திங்கறதில்லைன்னு சொல்லிடறேன். தீர்ந்துது” என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். “அண்ணங்கிட்ட அவங்க என்ன சொல்லியிருக்காங்கன்னு கேளுங்க மொதல்ல. புள்ளைய அவங்களுக்கு நெம்பப் புடிச்சிருக்குதாமா. சம்பந்தி அந்தப் பழக்கத்த உட்டுர்றேன்னு ஒரு வார்த்த சொன்னா, மேக்கொண்டு பேசலாம்னு சொல்றாங்க. குடின்னா உங்களோட போயிரும். உட்டுட்டாருன்னா முடிஞ்சுது. சுகருன்னா அது ரத்தத்துல இருக்குதுன்னு சொல்லுவாங்க. அதை உடறேன்னு சொல்ல முடியுமா?”

“அப்போ என்னைக் குடிகாரன்னு ஒத்துக்கச் சொல்றியா?”

“குடிகாரனா இருந்தீங்க, உட்டுட்டீங்க. அவ்வளவுதான.”

“ஏமாத்தறது மாதிரி இல்லையா?”

“சுகர் இல்லாத ஊடு கோயமுத்தூர்ல எங்கீங்க இருக்குது? அவங்க ஊட்டுல எத்தன மாத்தர டப்பா இருக்குதோ. எல்லாரும் கண்ணாலம் முடிஞ்சு அக்கட்டதான் சொல்றாங்க.” பிறகு குரல் இறங்கிவிட்டது. “அவ ரெண்டு வாரமாச் சரியாவே உண்கறதில்லீங்க.”

அந்த ஒரு வார்த்தைக்குமேல் எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சொன்னால் நோயாளி, சொல்லாவிட்டால் குடிகாரன். இரண்டில் எது மலிவோ அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று பட்டது.

சாயங்காலம் மகள் வந்தாள். மச்சான் வாயிலாக விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது. கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் என் எதிரில் உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

“எத்தனை நாளாப்பா?” என்றாள்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் துணி மடிப்பதுபோல முதுகைக் காட்டி நின்றாள்.

“கொஞ்ச நாளாத்தான் சாமி.”

“தனியா இருக்கறதுனாலயா?”

“ம்” என்றேன்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லப்பா. நான் தெனமும் பேசியிருப்பேன்ல. நீங்க தனியா அங்க உக்காந்து... மெலிஞ்சு போயிட்டே வர்றீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது. கேக்கத்தான் பயமா இருந்துச்சு.” அழுதுவிட்டாள். தன் கல்யாணம் தட்டிப்போகிறதே என்று அவள் அழவில்லை. எனக்காக அழுதாள். “எனக்காக உட்டுருங்கப்பா” என்றாள்.

“உட்டுர்றேன் சாமி” என்றேன். என் மகளிடம் நான் சொன்னதிலேயே மோசமான பொய் அதுதான். அதைச் சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

அடுத்த முகூர்த்தத்தில் உப்புச் சர்க்கரை வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உறுதியானால் இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் வாங்கி மாற்றிக்கொள்வார்கள். காலைப் பலகாரத்தோடு விசேஷம் முடிந்தது. அதற்குமுன் பையனின் அப்பா என்னை வாசலுக்கு அழைத்துப்போய், நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு நடுவே நிற்கவைத்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்.

“தப்பா நெனைக்காதீங்க. எங்கப்பாரும் குடிச்சுத்தான் போனாரு. ஊட்டுல பொம்பளைங்களுக்கு அந்தப் பேச்ச எடுத்தாலே பயம். உட்டுட்டேன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க.”

“உட்டுட்டேனுங்க” என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. உள்ளே வந்ததும் என் உள்ளங்கையில் ஒரு கை நிறையச் சர்க்கரையைக் கொட்டி, “வாயில போடுங்க சம்பந்தி” என்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டுக்கொண்டேன்.

இப்படித்தான் நான் குடியை விட்டவன் ஆனேன். அப்புறம் வந்த மரியாதை இருக்கிறதே! மச்சான் தோளில் தட்டினார். சொந்தக்காரர்கள் வீட்டில் அடங்காத ஆட்களுக்கு என்னை உதாரணம் காட்டினார்கள். மலைக்குத் திரும்பினால், பையனின் சித்தப்பா போனில் சொல்லியிருப்பார் போலிருக்கிறது, மெஸ்காரர் கல்லாவை விட்டு இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். ஒன்றரை வருடம் சோற்றை விட்டவன் நான். எத்தனை நாள் பரோட்டாக் கல்லின் சத்தம் கேட்டு எச்சிலை விழுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்கு டாக்டரைத் தவிர ஒரு ஜீவன் என்னை மெச்சியதில்லை, மெச்ச வெளியே யாருக்கும் தெரியாது. தொடாத சாராயத்தை விட்டதற்கு ஊரே மெச்சுகிறது. வயிற்றெரிச்சலாக இருந்தது, ஆமாம்.

அது அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமை ஏழு மணிக்கு மகள் வீடியோவில் கூப்பிட்டாள்.

“என்னப்பா வாங்கியிருக்கீங்க? காட்டுங்க.”

போசியைத் திறந்து காட்டினேன். முட்டை, சிக்கன்.

அவள் முகம் மாறிவிட்டது. “சோறு எங்கப்பா?” என்றாள். சத்தம் போடவில்லை. பயந்துபோய்க் கேட்டாள்.

“இன்னைக்கு மெஸ்ல தீந்துடுச்சு சாமி. நாளையிலிருந்து வாங்கறேன்.”

“நீங்க சோறு உண்டாத்தான்ப்பா எனக்கு நிம்மதி. நாளைக்கு நான் பாக்கோணும்.”

மறுநாள் மெஸ்ஸில் போய், “ஒரு சாப்பாடு பார்சல்” என்றேன். மெஸ்காரர் ராத்திரியில் சோறு வடிக்கிறவர் இல்லை. எனக்காக உலை வைக்கச் சொன்னார். அரை மணி நேரம் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, “இனி தெனமும் உங்களுக்குன்னு ஒரு படி போட்டர்றனுங் சார்” என்றார். நான் ஒரு கரண்டி போதும் என்றேன். அவர் கேட்டால்தானே? இலை கிழிகிற அளவுக்குச் சோறு, போசி நிறைய ரசம். “உடம்பு தேறோணும்ங்” என்று மேலே இன்னும் ஒரு கரண்டி வைத்துக் கட்டினார். பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மேடேறினேன். வயிறு சூடாக இருந்தது.

அறையில் போனைப் போசி மூடியில் சாய்த்து வைத்தேன். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம். முடிந்த மறுநாள் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அதுவரை ஒரு வாய் காட்டிவிட்டு மீதியைக் கீழே தெருநாய்க்கு வைத்துவிடுவது என்று திட்டம். அவள் திரையில் வந்தாள். பின்னால் சமையலறையில் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இலையைப் பிரித்துக் காட்டினேன். ஆவி பறந்து போனின் கண்ணாடியே மங்கிவிட்டது.

“உண்ணுங்கப்பா, பாக்கறேன்” என்றாள் மகள்.

ரசத்தை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். மிளகும் சீரகமும் கொத்தமல்லியும் சூடும். தொண்டையில் இறங்கியபோது என் கை தன்னால் அடுத்த வாயைப் பிசைந்துவிட்டது. நிறுத்த நினைத்தேன், முடியவில்லை. டாக்டர் ஞாபகம் வந்தது, ஊசி ஞாபகம் வந்தது, கண் ஞாபகம் வந்தது. கை நிற்கவில்லை. அப்புறம்தான் அழுகிறேன் என்று தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிப் புறங்கையால் துடைத்தேன். நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

மனைவிக்குப் புரிந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். மகள் போனுக்குக் கிட்டத்தில் வந்தாள்.

“நெம்பக் கஷ்டமா இருக்குதாப்பா?”

“இருக்குது சாமி.”

“மொதல்ல கொஞ்ச நாள் அப்படித்தான்ப்பா இருக்குமாம். நான் படிச்சுப் பாத்தேன். போகப் போகப் பழகிரும். உண்ணுங்க. நீங்க உண்டு முடிக்கற வரைக்கும் நான் வெக்க மாட்டேன்.”

வைக்கவில்லை. இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்று முடிக்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.